மஞ்சள் நீர்

– இப்ப ஆட்டோ எங்க நிக்குது? நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

– மூல்சந்த் பாலத்துக்குக் கீழ நிக்குது வேணி. பத்து நிமிஷமா ஒரு அடி நகரல.

– பாட்டில்?

– என் மடியிலதான் இருக்கு. கனியோட டிபன் டப்பால ஐஸைப் போட்டு உள்ள வச்சிருக்கேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய நிம்பு சோடா விக்கான்லா, அவன்கிட்ட வாங்கினேன்.

– அது இந்நேரம் தண்ணியாப் போயிருக்குமே.

– பாதி கரைஞ்சுதான் போச்சு. மேல ஈரத்துண்டைச் சுத்தியிருக்கேன். லேப் இங்கன லாஜ்பத் நகர்லதான், கேட்டியா. எறங்கி நடந்தாக்கூட கால் மணி நேரம்.

– அப்ப எறங்கி நடங்க.

– இந்த டெல்லி வெயில்ல தூக்கிட்டு நடந்தா கனி வயித்துல எடுத்த நீரு சூடாயிரும். சூடாகாமக் கொண்டு போங்கன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க.

– டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. அஞ்சு மணிக்குள்ள சம்மதப் பாரம் வேணுமாம். நாளைக்கு ஆபரேஷன் லிஸ்ட்டுல நம்ம பிள்ள பேரு ரெண்டாவது. இன்னைக்குக் கையெழுத்துப் போடலைன்னா அந்த எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் மூணு வாரம் காத்துக் கெடக்கணும்.

– தெரியும்.

– தெரிஞ்சுமா இந்தப் பாட்டிலத் தூக்கிட்டு ஊரைச் சுத்துதீய?

– பொறு வேணி. நீயும்தானே கூட நின்னு கேட்ட. ரத்தத்துல இருக்க அல்புமினையும் வயித்து நீர்ல இருக்க அல்புமினையும் கழிச்சுப் பாத்திருக்காங்க. வித்தியாசம் கம்மி. அதனால இது ஈரல் கோளாறு இல்ல, இதயக் கோளாறும் இல்ல. மிச்சம் இருக்கது ரெண்டுதான். ஒண்ணு கேன்சர். இல்லன்னா வயித்துல டிபி. ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியுமாம். அந்த ரத்த டெஸ்ட் நானூத்திச் சொச்சம் வந்துச்சே, அதுவும் ரெண்டுலயும் ஏறுமாம். இந்த நீர்ல ஏடிஏன்னு ஒரு டெஸ்ட் பாத்தாத்தான் கொஞ்சமாவது பிரிச்சுச் சொல்ல முடியும்னாங்க. அது ஆஸ்பத்திரியில நாளன்னைக்குத்தான் கெடைக்கும். வெளிய குடுத்தா இன்னைக்கே தெரிஞ்சிரும்.

– பெரிய டாக்டர் கேன்சர்னுதானே சொன்னாரு.

– கேன்சர் மாதிரி இருக்குன்னாரு. ரெண்டு தடவை நீர் எடுத்துப் பாத்தும் ஒரு கேன்சர் அணுகூடத் தெரியல.

– தெரியலைங்கதுக்காக இல்லன்னு ஆயிராதுன்னும் சொன்னாருல்லா. வயித்தைத் தெறந்து கர்ப்பப்பை, ஓவரி எல்லாத்தையும் எடுத்துட்டா உயிரு தப்பும்னாரு.

– இருபத்தோரு வயசு வேணி அவளுக்கு.

– பெத்தவ நான். வயசை எனக்குச் சொல்லித் தராதீய.

– டிபியா இருந்தா கத்தியே வேண்டாம். மாத்திரைதான். ஆறு மாசத்துல எந்திரிச்சு காலேஜ் போயிருவா.

– டிபி, டிபின்னு ஏன் ஒத்தக்கால்ல நிக்கீய? வேற ஒருத்தரும் அதைச் சொல்லல. அந்தச் சின்ன டாக்டரம்மாவும் நீங்களும்தான் சொல்லுதீய.

– சிக்னல் விழுந்துட்டு. போய்ச் சேந்துட்டுப் பேசுதேன்.

*

– அங்கிள், போன்லே தமிழ் பேசிட்டே உள்ளே வந்தீங்கல்ல? நானும் தமிழ்தான். என் பேர் மது. இங்கே சாம்பிள் எல்லாம் நான்தான் வாங்குவேன். பட் ஒரு ப்ராப்ளம் இருக்கு. பாட்டில் மேலே பேர் இல்லே.

– இருக்கும்மா. டாக்டரம்மா என் கண்ணு முன்னாலதான் எழுதி ஒட்டினாங்க. பேரு, வார்டு நம்பரு எல்லாம் எழுதினாங்க.

– எழுதியிருப்பாங்க. ஐஸ் தண்ணியிலே இங்க் எல்லாம் போயிடுச்சு. பாருங்க, வெறும் காகிதம்தான் ஒட்டிட்டு இருக்கு.

– நான்தான் ஐஸுக்குள்ள வச்சேன். கெட்டுப் போயிரக் கூடாதுன்னு.

– புரியுது அங்கிள். ஆனா பேர் இல்லாத சாம்பிள் எடுக்கக் கூடாது, சக்த் மனா ஹை. வேற யாரோடதோ ஆயிடுச்சுன்னா? நீங்க போய் புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க.

– அது முடியாதும்மா. இதோட மூணு தடவை வயித்துல ஊசி போட்டாச்சு அவளுக்கு. காலையில எடுக்கும்போது என் வெரலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. கத்தல. கண்ணை மட்டும் மூடிக்கிட்டா. இது அவளோட நீருதாம்மா. அங்க வாங்கினதுல இருந்து நான் கீழயே வைக்கல. ஆட்டோவுல மடியிலதான் வச்சிருந்தேன். இது அவ வயித்துல இருந்து வந்ததுதான்.

– யாருக்கு? உங்க பொண்ணா?

– கனிமொழி. பி.காம் மூணாவது வருஷம் படிக்கா.

– அச்சா. உக்காருங்க அங்கிள். அழாதீங்க. அந்த டாக்டரோட நம்பர் இருக்கா? குடுங்க, நான் பேசறேன். எத்தனை மணிக்கு எடுத்தாங்க, எவ்ளோ எடுத்தாங்க, என்ன கலர்னு அவங்க எழுதி அனுப்பினா எங்க சார் ஒத்துப்பார்.

– நம்பர் இந்தா இருக்கு. வார்டுல இருப்பாங்க. எடுக்கலைன்னா திரும்பத் திரும்ப அடிம்மா.

– ஹலோ மேடம், லேப் சே மது போல் ரஹீ ஹூம்... ஜீ... ஜீ மேடம், லிக் கே பேஜ் தீஜியே... சரி அங்கிள், வந்துடுச்சு. பத்தரை மணி, ஐம்பது எம்எல், மஞ்சள் கலர், கொஞ்சம் கலங்கல். உங்க பாட்டிலும் அதேதான். சாரும் தலையாட்டிட்டார். எடுத்துக்கறேன்.

– நீ நல்லா இருக்கணும்மா.

– ஃபார்ம்லே ரெண்டு மூணு கேள்வி இருக்கு, ஜல்தி சொல்லுங்க. காய்ச்சல் வருதா?

– சாயங்காலமானா வரும். ரெண்டு மாசமா இருக்கு.

– வெயிட்?

– எட்டு கிலோ குறைஞ்சு போச்சு. கை காலெல்லாம் குச்சி மாதிரி ஆயிட்டு. வயிறு மட்டும் ஏறிக்கிட்டே போகுது.

– அவங்களுக்கு முன்னாடி டிபி இருந்துச்சா?

– இல்ல.

– வீட்டிலே வேற யாருக்காவது?

– என்னம்மா கேட்ட?

– வீட்டிலே யாருக்காவது டிபி இருந்துச்சான்னு கேட்டேன்.

– இல்ல.

– நோ. ஓகே. நாலு மணிக்கு நம்பர் வந்துடும். இங்கேயே ஏசி பக்கத்திலே உக்காருங்க. ஏதாவது சாப்பிட்டீங்களா?

– அதெல்லாம் அப்புறம்மா.

*

– வேணி, பாட்டிலக் குடுத்துட்டேன். நாலு மணிக்குத் தெரிஞ்சிரும். கனி என்ன செய்யுதா?

– சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கா. மல்லாக்கப் படுக்க முடியல, மூச்சு முட்டுதாம். தலையணையை அணைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

– வலியில இருக்கா. அதான்.

– வலியில இல்ல. ரெண்டு மாசமாவே அவ என்கிட்டப் பேசுதது இல்ல. உங்களுக்குத் தெரியாது.

– என்ன தெரியாது?

– வயிறு பெருசாக ஆரம்பிச்சப்ப அவளை உள்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி யாருட்டி அவன்னு கேட்டேன். யாரும் இல்லம்மான்னா. நம்பல. மெடிக்கல்ல கர்ப்பம் பாக்குத பட்டை வாங்கிட்டு வந்து ரெண்டு தடவை டெஸ்ட் பண்ண வச்சேன். ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லன்னுதான் வந்துச்சு. அப்பவும் கேட்டேன். அப்பவும் இல்லன்னா. அடிச்சேன்.

– அடிச்சியா?

– கன்னத்துல. அவ அழல. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும் சொன்னா. அதுக்கப்புறம் மூணு வாரம் கழிச்சுத்தான் நான் கூட்டிட்டுப் போனேன். வெளியில தெரிஞ்சா அசிங்கம்னு இருந்துட்டேன். அந்த மூணு வாரத்தை இப்ப யாரு திருப்பித் தருவா?

– என்கிட்ட ஏன் சொல்லல நீ?

– சொல்லி என்ன ஆகப் போகுது. அதனாலதான் சொல்லுதேன், இனி ஒரு நாளுகூடத் தள்ளாதீய. என்னால தாங்க முடியாது.

– நாலு மணி வரைக்கும்தான் கேக்கேன்.

– நீங்க எதுக்குத் தள்ளுதீயன்னு எனக்குத் தெரியும்.

– எதுக்கு?

– கர்ப்பப்பை இல்லாத பிள்ளைய எவன் கட்டுவான்னு யோசிக்கீய. தென்காசியில உங்க அக்கா பேசி வச்சிருக்க எடம் தட்டிப் போயிருமேன்னு பாக்கீய.

– அப்படி இல்ல.

– வேற என்ன? சொல்லுங்க. பிள்ள உயிரை விட உங்களுக்கு வேற என்ன பெருசு?

– வேணி, நான்...

– சொல்லுங்க.

– ஒண்ணுமில்ல.

– அப்ப நான் கையெழுத்துப் போடுதேன். அவளும் போடுதேன்னுட்டா. டாக்டரம்மாகிட்ட ஹிந்தில சொல்லுதா, அப்பா அம்மா முடிவு பண்ணட்டும், எனக்கு இந்த வயிறு எறங்கினாப் போதும்னு. அதைக் கேட்டுக்கிட்டு நான் எப்படி நிக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?

– நாலு மணி வரைக்கும் பொறு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுதேன்.

– அங்க இருந்து கும்பிட்டா இங்க எனக்குத் தெரியவா போகுது. வச்சிருங்க.

*

– அங்கிள், இங்கே வாங்க. நம்பர் வந்துடுச்சு.

– எவ்வளவும்மா?

– முப்பத்தி நாலு.

– அது நல்லதா, கெட்டதா?

– அதை நாங்க சொல்லக் கூடாது அங்கிள். டாக்டர்தான் சொல்லணும்.

– சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன். டிபியா இல்லையான்னு மட்டும் சொல்லு.

– நாப்பதுக்கு மேலே போனா டிபிக்கு சான்ஸ் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. ரொம்ப கீழே இருந்தா டிபி இருக்காதுன்னு சொல்லுவாங்க. இது நடுவிலே வந்து மாட்டிக்கிச்சு. சந்தேகத்துக்கு ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தோம். ரெண்டு தடவையும் இதேதான்.

– அப்ப இவ்வளவு தூரம் கொண்டு வந்தது...

– இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அங்கிள். உங்க மேடமுக்கு அனுப்பிட்டேன். அவங்க உடனே போன் பண்ணினாங்க.

– என்ன சொன்னாங்க?

– முப்பத்தி நாலை காட்டி பெரிய டாக்டர்கிட்டே ஆபரேஷனை நிறுத்துங்கன்னு கேக்க முடியாதுன்னாங்க. வீட்டிலே டிபி பேஷண்ட் யாராவது இருந்திருந்தா அது வேற விஷயம், அப்போ நானே சண்டை போட்டு நிறுத்துவேன், முதல்லே சின்ன ஓட்டை போட்டு ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணலாம்னு சொல்லுவேன்னாங்க. ஃபார்ம்லே என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க. நோன்னு சொன்னேன்.

– நோன்னு சொல்லிட்டியா.

– நீங்கதானே சொன்னீங்க. இந்தாங்க அங்கிள், தண்ணி குடிங்க.

– அந்தக் கட்டத்தை மாத்திரலாமாம்மா?

– எந்தக் கட்டம்?

– வீட்டுல யாருக்காவதுன்னு கேட்டியே, அது. அதுல ஆமான்னு போட்டு டாக்டரம்மாவுக்கு அனுப்பிரு. யாருன்னு எழுத வேண்டாம். சும்மா ஆமான்னு மட்டும் போட்டாப் போதும்.

– யாருக்கு இருந்துச்சு அங்கிள்?

– யாருக்கோன்னு வச்சுக்கயேன்.

– உங்களுக்கா?

– அஞ்சு வருஷம் ஆச்சு.

– நான் ஃபார்ம்லே எழுதி என்ன ஆகப்போகுது? ரிப்போர்ட்லே அது வரவே வராது. மேடம் உங்களைத்தான் கேப்பாங்க. எப்போ வந்துச்சு, எத்தனை மாசம் மருந்து சாப்பிட்டீங்க, முழுசா முடிச்சீங்களான்னு. ஆன்ட்டிக்குத் தெரியுமா?

– தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப உனக்குத்தான் தெரியும்.

– எனக்குத் தெரிஞ்சு பிரயோஜனம் இல்லே அங்கிள். மணி நாலே கால். போன் எடுங்க.

*

– வேணி, கையெழுத்துப் போட்டுட்டியா?

– போடப் போறேன். பேனா கையிலதான் இருக்கு. முப்பத்தி நாலாம், டாக்டரம்மாவே வந்து சொல்லிட்டாங்க. பக்கத்துக் கட்டில்லதான் நிக்காங்க, பாரத்தை வாங்கிட்டுப் போக. இன்னும் என்ன?

– போடாத.

– ஏன் போடக் கூடாது?

– எனக்கு இருந்துச்சு.

– என்ன இருந்துச்சு?

– டிபி. நெஞ்சுல. அல்சர்னு உன்கிட்டச் சொல்லி மாத்திரை சாப்பிட்டேன்லா, அது அல்சர் மாத்திரை இல்ல. நம்ம லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் போனா தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு தூரத்துல துவாரகாவுல இருக்க சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போயி வாங்கினேன். வீட்டுக்கு வந்து எல்லாரையும் டெஸ்ட் பண்ணணும்னு அங்க சொன்னாங்க. நான் அங்க தனியா இருந்த சிநேகிதன் சதாசிவம் ரூம் விலாசத்தைக் குடுத்துட்டேன். அவங்க அங்க போயி, ஒத்தை ஆளு, வீட்டுல வேற யாரும் இல்லன்னு எழுதிக்கிட்டாங்க. நாலு மாசம் சாப்பிட்டேன். இருமல் நின்னுச்சு. நானும் நிறுத்திட்டேன். மிச்சம் ரெண்டு மாசத்து மாத்திரையை வாங்கப் போகவே இல்ல.

– கனி அப்ப பிளஸ் ஒண்ணு.

– ஆமா, பிளஸ் ஒண்ணு. தினம் ஆபீஸ் விட்டு வந்து பக்கத்துல உக்காத்தி வச்சுப் பாடம் சொல்லிக் குடுப்பேன். அவ முகத்துக்கு நேராத்தான் இருமியிருக்கேன். டாக்டரம்மா என்கிட்ட மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் இல்லன்னேன். லோதி ரோடு ஆபீஸ்ல தெரிஞ்சா, ஊர்ல தெரிஞ்சா, டிபி வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்னு நெனச்சேன். நீ சொன்னதுல பாதி சரிதான் வேணி. டெஸ்ட்ல தானா வந்துரும், நான் வாயைத் தெறக்க வேண்டாம்னு பாத்தேன். வரல. என்னைத் திட்டு.

– எனக்குத் தெரியும்.

– என்ன தெரியும்?

– உங்க மாத்திரை. மொத வாரமே தெரியும். நீங்க போயிட்டு வந்தா பாத்ரூம் ஆரஞ்சுக் கலரா இருந்துச்சு. உங்க பனியன்ல வேர்வை பட்ட எடமெல்லாம் கறை. தேய்க்கத் தேய்க்கப் போகல. உங்க பைக்குள்ள இருந்து ஒரு அட்டையை எடுத்துட்டுப் போயி மெடிக்கல்ல காட்டினேன். டிபி மாத்திரைன்னான்.

– என்னை ஏன் கேக்கல?

– நீங்க மறைச்சீய. சரி, மறைக்கட்டும்னு விட்டுட்டேன். உங்க தட்டு டம்ளரைத் தனியா எடுத்து சுடுதண்ணியில கழுவினேன். அது போதும்னு நெனச்சேன். பாதியில நிறுத்தினது எனக்குத் தெரியாது.

– டாக்டரம்மா கேக்கும்போது நீயும் பக்கத்துலதானே நின்ன.

– நின்னேன். நீங்க இல்லன்னீய. நானும் தலையாட்டினேன்.

– நான் பயந்தவன். நீ ஏன் வேணி?

– கேன்சர்னா அது யாரும் குடுத்தது இல்ல. அது பாட்டுக்கு வாரது. டிபின்னா நம்ம வீட்டுல இருந்து அவளுக்குப் போனது. தெரிஞ்சிருந்தும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததால போனது. அதனால கேன்சராவே இருக்கட்டும், கேன்சராவே இருக்கட்டும்னு ரெண்டு நாளா இந்தக் கட்டில் பக்கத்துல உக்காந்து வேண்டிக்கிட்டு இருக்கேன். பெத்த பிள்ளைக்கு.

– வேணி.

– இருங்க. போன் சத்தத்துல நாம பேசினது எல்லாம் அவளுக்குக் கேட்டுருச்சு. எந்திரிச்சு உக்காந்துட்டா. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு ஹிந்தில என்னமோ சொல்லுதா. அவங்களும் உடனே யாருக்கோ போன் போட்டுப் பேசிக்கிட்டே இருக்காங்க. கனி, அம்மா சொல்லுததைக் கேளு. கனி, போனை எதுக்குப் பிடுங்குத?

– அப்பா.

– கனி, அப்பாவை...

– இப்ப அது வேண்டாம் அப்பா. உங்க ரெண்டு பேர்கிட்டேயும் அப்புறம் பேசறேன். அம்மா, நீங்க அந்த ஃபார்மை மடிச்சு வைங்க. அப்பா, நான் சொல்றது கேளுங்க. மேடம்கிட்டே நான் சொல்லிட்டேன். அவங்க பெரிய டாக்டருக்கு போன் போட்டாங்க, அவர் இன்னும் லைன்லே இருக்கார். நாளைக்கு பெரிய ஆபரேஷன் பண்ண மாட்டேன், துண்டு எடுத்து டெஸ்ட்தான் பண்ணுவேன்னு ஒத்துக்கிட்டார்.

– ஒத்துக்கிட்டாரா? நெசமாவா?

– ஆனா நான் சொன்னா போதாதாம். எந்த வருஷம், எங்கே மருந்து வாங்கினீங்க, எத்தனை மாசத்திலே விட்டீங்க, எல்லாம் உங்க வாயாலே கேட்டு ஃபைல்லே எழுதணுமாம். பாதியிலே விட்டதாலே எனக்கு எந்த மாத்திரை கேக்கும்னு அதை வெச்சுத்தான் பாப்பாங்களாம்.

– சொல்லுதேன். எல்லாத்தையும் சொல்லுதேன். நான் அங்கயே வந்து...

– வர வேண்டாம், டைம் இல்லே. ஸ்பீக்கர்லே போட்டுட்டேன், வார்டு முழுக்க கேக்கும், பரவாயில்லே. தமிழ்லே சொன்னா இங்கே யாருக்கும் புரியாதுப்பா. ஹிந்திலே சொல்லுங்க.